பன்றிக்குட்டிக் கழிச்சல்: துத்தநாகமா, ஆன்டிபயாட்டிக்கா, தடுப்பு மருந்தா, தாமதமா?

தாயிடமிருந்து குட்டிகளைப் பிரித்து ஐந்தாம் நாள் காலை. முந்தின இரவு தீவனத் தொட்டியை முட்டி மோதிக் காலி செய்த குட்டி ஒன்று மூலையில் விறைத்துக் கிடக்கிறது. நோஞ்சான் குட்டி அல்ல. அந்த ஈற்றிலேயே கொழுத்தது. அறுத்துப் பார்த்தால் இரைப்பை நிறையத் தீவனம், சிறுகுடல் நிறைய நீர், இரத்தம் ஒரு சொட்டும் இல்லை. பக்கத்தில் நிற்கும் ஆறு குட்டிகளின் வால் நனைந்திருக்கிறது, கண் குழிவிழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் பண்ணைக்காரர் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த மருந்து கொடுக்கலாம், டாக்டர்?"

செத்தது அவருடைய குட்டி. கேள்வியே தவறு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்தக் கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை கிருமியைப் பொறுத்தவரை, எந்த மருந்து என்பது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரவேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்டதன் விலையை உலகம் முழுக்கப் பன்றிப் பண்ணைகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. டென்மார்க்கும் சீனாவும் என்ன செய்து என்ன கண்டன என்பதை வைத்து, கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்க்கிறேன்.

முதலில் கிருமி. எல்லாப் பன்றியின் குடலிலும் ஈ.கோலை உண்டு, பெரும்பாலானவை சாதுக்கள். குட்டியைக் கொல்லும் வகைக்கு இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று, சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய இழை. இதை இங்கே பற்றிழை என்று வைத்துக்கொள்வோம். பன்றிகளில் முக்கியமானவை எஃப்4, எஃப்18 என்ற இரண்டு (எஃப்4-ஐ மூத்த மருத்துவர்கள் இன்னும் கே88 என்றுதான் சொல்வார்கள்). இரண்டாவது, நச்சு. இந்த நச்சு குடல் சுவரைக் கிழிப்பதில்லை. குழாயைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். உடம்பின் நீரும் உப்பும் குடலுக்குள் கொட்டுகின்றன. இவற்றில் ஒரு நச்சு, காலரா நச்சுக்கு நெருங்கிய உறவு. பற்றிழை இல்லாவிட்டால் கிருமி ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு போய்விடும். நச்சு இருந்தும் பயனில்லை.

இது ஏன் பால்குடி மறந்ததும் தாக்குகிறது? தாய்ப்பாலில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் நாள் முழுக்கக் குடல் சுவரைப் பூசிக்கொண்டே இருந்தன. பிரித்த அன்றே அது நின்றுபோகிறது. எஃப்18 பற்றிக்கொள்ளும் பிடிமானமோ பிறந்த குட்டியின் குடலில் இருப்பதில்லை. வளர வளரத்தான் தோன்றுகிறது. அதனால் எஃப்4 பால்குடிக் குட்டியையும் தாக்கும், எஃப்18 பெரும்பாலும் பிரித்த பிறகே தாக்கும்.

மருந்துக்கு மசியாத திறன் என்பது இந்த இரண்டு கருவிகளுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது விஷயம் என்றுதான் நாம் நினைக்கிறோம். சிக்கல் அங்கேதான். பற்றிழை, நச்சு, மருந்து எதிர்ப்பு ஆகியவற்றுக்கான மரபணுக்கள் பலவும் கிருமியின் பிளாஸ்மிடுகளில், அதாவது ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் சிறு டிஎன்ஏ வளையங்களில் இருக்கின்றன. நச்சு மரபணுவும் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுவும் ஒரே வளையத்தில் உட்கார்ந்திருப்பதைப் பன்றிக் கிருமிகளில் கண்டிருக்கிறார்கள். எஃப்4 மரபணுவைச் சுமக்கும் வளையம் பலமுறை ராஃபினோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் மரபணுவையும் சேர்த்துச் சுமக்கும். ராஃபினோஸ் இருப்பது சோயாவில். குட்டித் தீவனத்தின் புரதம் எதிலிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆக, டெட்ராசைக்ளினைத் தீவனத்தில் கலக்கும்போது சாகாமல் மிஞ்சுவது எதிர்ப்புள்ள கிருமி மட்டுமல்ல, நச்சுள்ள கிருமியாகவும் இருக்கக்கூடும். நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம்.

என் அளவுகோல் இதிலிருந்து வருகிறது. ஒரு வழி கிருமியின் உயிரைக் குறிவைக்கிறதா, பிடியைக் குறிவைக்கிறதா? உயிரைக் குறிவைத்தால் எதிர்ப்பு மரபணுவுக்குப் பரிசு கிடைக்கிறது. பிடியைத் தளர்த்தினால் அந்த மரபணுவைச் சுமந்து கிருமிக்கு ஒரு லாபமும் இல்லை.

துத்தநாக ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். பிரித்த பிறகு 14 நாள், தீவனத்தில் 2,500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 2,500 பங்கு) துத்தநாகம். ஐரோப்பாவில் இதுதான் பல ஆண்டுகள் வழக்கம். டன்னுக்கு மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான வெள்ளைத் தூள். விலை மலிவு, கழிச்சல் நிற்கும், குட்டி எடையும் ஏறும். இதில் பொய் இல்லை. பயன்படுத்தியவர்கள் யாரும் மனமார விடவில்லை. ஆனால் குட்டியின் உடம்புக்குத் தேவை 100 பிபிஎம் அளவில்தான்; மீதி முழுக்கச் சாணத்தில் வெளியேறி வயலுக்குப் போகிறது. துத்தநாகம் ஒரு தனிமம். மட்காது, சிதையாது, சேர்ந்துகொண்டே போகும். போதாததற்குத் துத்தநாகத்தைத் தாங்கும் மரபணு, மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியில் எதிர்ப்பு மரபணுவோடு ஒட்டியே இருக்கிறது. பன்றிகளிடையே பரவியிருக்கும் சிசி398 என்ற வகையில் இது தெளிவாகத் தெரிந்தது. துத்தநாகம் ஆன்டிபயாட்டிக் அல்ல. ஆனாலும் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பை வளர்க்கிறது. 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதை நிறுத்த முடிவெடுத்து ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தது. 2022 ஜூன் 26-ஆம் தேதியோடு மருந்தளவுத் துத்தநாகம் முடிவுக்கு வந்தது. இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது கொலிஸ்டின். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் முதல் பக்கத்துப் பண்ணைக்காரர் வரை இதன் பெயரைத்தான் சொல்வார்கள். பழைய ஆன்டிபயாட்டிக். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மனித மருத்துவத்தில் ஓரங்கட்டப்பட்டது; பன்றிக்கும் கோழிக்கும் டன் கணக்கில் போனது. பிறகு மருத்துவமனைகளில் கார்பாபெனெம் என்ற வலிமையான ஆன்டிபயாட்டிக் வகையும் தோற்கத் தொடங்கியபோது, வேறு வழியின்றி மனிதருக்குத் திரும்பி வந்தது. கடைசிக் கையிருப்பு என்று சொல்லலாம். அதுவரை கொலிஸ்டின் எதிர்ப்பு என்பது ஒரு கிருமியின் சொந்த மரபணுவில் நேரும் மாற்றம். அந்தக் கிருமியின் வாரிசுகளோடு முடிந்துவிடும் என்று நம்பினார்கள்.

2013 ஜூலையில் ஷாங்காயில் ஒரு பெரும் பண்ணைப் பன்றியிலிருந்து எடுத்த ஈ.கோலை அந்த நம்பிக்கையை உடைத்தது. எம்சிஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிடில் இருந்தது; ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. 2015 நவம்பரில் ஆய்வு வெளியானபோது, சோதித்த 804 விலங்குகளில் 166-லும், 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78-லும், மருத்துவமனையில் இருந்த 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் அந்த மரபணு இருந்தது. வரிசையைக் கவனியுங்கள்: விலங்கில் அதிகம், இறைச்சியில் அடுத்து, மனிதரில் குறைவு. எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தக் கதைக்கு நல்ல பாதியும் உண்டு. சீனா 2017-ல் கொலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாக, அதாவது நோய்க்கு அல்லாமல் எடை ஏறுவதற்காக, தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது. 23 மாகாணங்களில் பன்றிகளில் கொலிஸ்டினுக்கு மசியாத ஈ.கோலை 2015–16-ல் 34 விழுக்காடாக இருந்தது, 2017–18-ல் 5.1 விழுக்காடாக இறங்கியது. எதிர்ப்பு ஒருமுறை வந்தால் போகவே போகாது என்று கையை விரிப்பவர்களுக்கு இதைக் காட்டலாம். இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கான கொலிஸ்டினின் தயாரிப்பு, விற்பனை, விநியோகம் மூன்றையும் தடை செய்தது. ஆகவே நம் ஊர்ப் பண்ணைக்காரருக்கு இது ஒரு தேர்வே அல்ல. யாராவது பழைய பொட்டலத்தை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வேறு ஆன்டிபயாட்டிக்குகள்? நியோமைசின், அப்ராமைசின், அமாக்சிசிலின், என்ரோஃப்ளாக்சசின் என்று பட்டியல் நீளும். இங்கே டென்மார்க்கின் அனுபவம் நேர்மையான பாடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடிப் பன்றிகளை வளர்க்கும் நாடு. 2000-க்குள் வளர்ச்சி ஊக்கி மருந்துகளை முழுக்க விட்டது. 2010-லிருந்து அளவுக்கு மீறி மருந்து வாங்கும் பண்ணைக்கு எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை கொடுக்கிறது. அப்படிப்பட்ட இடத்திலேயே துத்தநாகம் நின்றதும் குட்டிகளுக்கான நியோமைசின் பயன்பாடு ஏறியது. ஒரு கதவைச் சாத்தினால் கழிச்சல் அடுத்த கதவைத் தட்டுகிறது. அப்ராமைசின் விலங்குகளுக்கு மட்டுமான மருந்து, மனிதருக்குக் கெடுதல் இல்லை என்பார்கள். ஆனால் அப்ராமைசினை முறிக்கும் நொதி ஒன்று ஜென்டமைசினையும் சேர்த்து முறிக்கும். ஜென்டமைசின் நம் குழந்தைகளுக்குப் போடும் மருந்து. அதனால் விலங்குக்கு மட்டும் என்ற முத்திரையை நான் பெரிதாக மதிப்பதில்லை.

ஆன்டிபயாட்டிக்கே கூடாது என்று சொல்லவில்லை. விழுந்து கிடக்கும் குட்டிக்கு, எதிர்ப்புச் சோதனை பார்த்து, ஊசி போடுவது நியாயம். கொட்டில் முழுவதற்கும் குடிநீரில் கலப்பதைத்தான் மறுக்கிறேன். நலமாக இருக்கும் குட்டி அதிகம் குடிக்கிறது, நோயுற்றது குடிப்பதே இல்லை. மருந்து போகவேண்டிய வயிற்றுக்குப் போவதில்லை. கழிச்சலில் கொல்வது நீரிழப்பு. நச்சு குடல் சுவரைக் கிழிப்பதில்லை என்று சொன்னேனே, அதனால் குளுக்கோஸோடு உப்பை உறிஞ்சும் வழி திறந்தே இருக்கிறது. மனிதக் குழந்தைகளைக் காப்பாற்றிய அதே உப்புச் சர்க்கரைக் கரைசல் இங்கும் வேலை செய்யும். எதிர்ப்பை வளர்க்காத ஒரே அவசர மருந்து இதுதான். பண்ணைகளில் இது மட்டும் கையிருப்பில் இருப்பதில்லை.

இனி பிடியைக் குறிவைக்கும் வழிகள். தாய்க்குச் சினைக்காலத்தில் போடும் தடுப்பூசி சீம்பால் வழியாகக் குட்டியைக் காக்கும். பால் நின்றால் காப்பும் நின்றது. பிரித்த பிறகு வரும் கழிச்சலுக்கு அது உதவாது என்பதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதற்குக் குட்டியின் சொந்தக் குடல் எதிர்ப்பைப் பழக வேண்டும். ஐரோப்பாவில் 2015-ல் எஃப்4-க்கும், 2017-ல் எஃப்4, எஃப்18 இரண்டுக்கும் சேர்த்தும் கோலிபுரோடெக் என்ற வாய்வழித் தடுப்பு மருந்து அனுமதி பெற்றது. பற்றிழை உள்ள, ஆனால் நோய் தராத உயிருள்ள ஈ.கோலையை ஒரே ஒருமுறை வாயில் ஊட்டுவது. கிருமி குடலைப் பற்றுகிறது, குடல் அந்தப் பற்றிழைக்கு எதிராகப் பழகுகிறது. எனக்கு இதில் பிடித்தது, வேலை செய்தால் மருந்து எதிர்ப்புக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதுதான்.

ஆனால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். குட்டிக்கு 18 நாள் வயதிலிருந்துதான் ஊட்டலாம். காப்பு 7 நாளில் தொடங்கும். ஊட்டிய நாளிலிருந்து 21 நாள் வரை நிற்கும். 18-ஆம் நாள் ஊட்டினால் 25-ஆம் நாள் தொடங்கி 39-ஆம் நாளோடு முடிகிறது. 28-ஆம் நாள் பிரித்தால் அடுத்த 11 நாளுக்கு நிழல் உண்டு. பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வரும் எஃப்4-க்கு அது போதும். தாமதித்து மூன்றாம் வாரத்தில் வரும் எஃப்18 அந்த நிழலுக்கு வெளியே நிற்கிறது. 21-ஆம் நாளே பிரித்தால் முதல் நான்கு நாள் வெட்டவெளி. ஊட்டுவது உயிருள்ள கிருமி என்பதால் முன்னும் பின்னும் அதைக் கொல்லும் மருந்து கொடுக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் குடிநீரில் மருந்து ஓடும் பண்ணையில் தடுப்பு மருந்துக்குச் செலவழித்த பணம் சாக்கடைக்கு. இன்னொன்று: எஃப்18 வகைகளில் சில வேறொரு நச்சைச் சுரந்து இமை வீங்கி, குரல் கம்மி, தள்ளாடி விழும் வீக்க நோயை உண்டாக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன் தராது. நச்சுக்கு எதிரான தனித் தடுப்பூசி உண்டு.

பிடிமானமே இல்லாத பன்றியைப் பிறப்பிக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. எஃப்4 ஒட்ட முடியாத குடல், எஃப்18 ஒட்ட முடியாத குடல் என்று மரபணுச் சோதனையில் கண்டு, அத்தகைய கிடாக்களை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வது. டென்மார்க்கிலும் ஸ்விட்சர்லாந்திலும் இது நடைமுறை. இதைவிட அழகான தீர்வு இல்லை. ஆனால் பத்துத் தாய்ப்பன்றி வைத்திருப்பவர் இதைத் தானே செய்ய முடியாது. கிடா வாங்குமிடத்தில் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவே.

தீவனம். செரிக்காத புரதம் பின்குடலில் அழுகிக் கிருமிக்கு விருந்தாகிறது. முதல் இரண்டு வாரம் புரதத்தை 20–21 விழுக்காட்டிலிருந்து 17–18-க்கு இறக்கி, லைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்தால் மலம் கெட்டிப்படும். வளர்ச்சி கொஞ்சம் மெதுவாகும், பிறகு பெருமளவு ஈடுகட்டும். சுண்ணாம்புத் தூளைக் குறையுங்கள். அது இரைப்பையின் அமிலத்தைக் குடித்துவிடும், கிருமிகளைத் தடுக்கும் முதல் வேலியே அந்த அமிலம்தான். ஐரோப்பாவில் 0.5 விழுக்காடு பென்சாயிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். தமிழ்நாட்டுப் பண்ணைகள் பலவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பால் மறந்த மறுநாளே ஓட்டல் மிச்சத்தில் குட்டியை இறக்கிவிடுகிறார்கள். பெரிய பன்றி அதைத் தாங்கும். நான்கு வாரக் குட்டிக்கு அது கொதிக்க வைத்ததாக இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக, காசு செலவில்லாததும் யாரும் விரும்பாததுமான வழி: தாமதம். சினை 114 நாள், பிரித்தபின் மறுசினைக்கு ஏறத்தாழ 7 நாள். 28 நாளில் பிரித்தால் ஒரு சுற்று 149 நாள், ஆண்டுக்கு 2.45 ஈற்று. 35 நாளில் பிரித்தால் 2.34. 42 நாளில் 2.24. நம் ஊரில் பழைய வழக்கமான 56 நாளில் 2.06. அதாவது 28-லிருந்து 42-க்குத் தள்ளினால் தாய் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஐந்தில் ஒரு ஈற்று இழப்பு. ஈற்றுக்குப் பத்துக் குட்டி என்றால் இரண்டு குட்டி. ஆயிரம் தாய் வைத்திருக்கும் டேனிஷ் பண்ணைக்கு அது இரண்டாயிரம் குட்டி. அவர்கள் தயங்குவது புரிகிறது. ஐரோப்பியச் சட்டமே 28 நாளுக்கு முன் பிரிக்காதே, தனியாகச் சுத்தம் செய்த கொட்டில் இருந்தால் 21 என்றுதான் சொல்கிறது. ஆனால் பன்னிரண்டு தாய் வைத்துக்கொண்டு, பிரித்த குட்டிகளில் நூற்றுக்குப் பத்தைக் கழிச்சலில் புதைப்பவருக்குக் கணக்கு வேறு. 42-ஆம் நாள் குட்டி எடை கூடியிருக்கும், தாயோடு இருக்கும்போதே தீவனம் கடிக்கப் பழகியிருக்கும், இரைப்பை அமிலம் சுரக்கக் கற்றிருக்கும். இழக்கும் இரண்டு குட்டியும் இன்று செத்துக்கொண்டிருப்பவைதான்.

ஆகவே சிறு பண்ணைக்கு என் வாக்கு தாமதத்துக்கும் தீவனத்துக்கும். இதற்கு எந்தப் பற்றிழை என்று தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. 28 நாளை விடமுடியாத பெரிய பண்ணை, சோதனையில் எஃப்4 என்று வந்தால் தடுப்பு மருந்துக்குச் செலவழிக்கலாம். எஃப்18 தாமதமாகத் தாக்குகிறது என்றால் ஊட்டும் நாளைத் தள்ளிப்போட வேண்டும், அப்போதும் நான் முழு நம்பிக்கை வைக்க மாட்டேன். எந்தப் பண்ணையானாலும் ஆன்டிபயாட்டிக் ஊசியாக, விழுந்த குட்டிக்கு மட்டும்.

சோதனை என்றதும் ஆய்வகம், அலைச்சல் என்று பயப்பட வேண்டாம். முதல் சோதனை பத்து ரூபாய் சிவப்பு லிட்மஸ் தாள். கழிச்சலில் தொட்டதும் நீலமாக மாறினால் காரம், ஈ.கோலை என்று சந்தேகிக்கலாம். சிவப்பிலேயே நின்றால் ரோட்டா வைரஸ் போன்ற வேறு காரணத்தைத் தேடுங்கள்; அதற்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் வீண். நீலமானால் இரண்டு மூன்று குட்டிகளின் ஆசனவாயில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கால்நடை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பற்றிழை எது, எந்த மருந்துக்கு மசியும் என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். குச்சியை விடுவது நேற்றிரவோ இன்று காலையோ கழிச்சல் தொடங்கிய, இன்னும் ஒரு மருந்தும் உள்ளே போகாத குட்டியில் இருக்கட்டும். செத்த குட்டிதான் கையில் இருக்கிறது என்றால், வெயில் ஏறுவதற்குள் கொண்டுவாருங்கள்.